கம்பு சுற்றிய காலம்

"சின்ன வயதில் சிலம்பம் கற்றதாக ஒருமுறை எழுதினீர்களே, அதை விரிவாக எழுதக் கூடாதா?" என்று நண்பர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். இதோ அதோ என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். பாதிக் காரணம் சோம்பல். மீதிக் காரணம் கட்டுரையின் கடைசியில் வரும்.

எங்கள் ஊர் திருப்புட்குழி. காஞ்சிபுரத்திலிருந்து மேற்கே, சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையில் பாலுசெட்டி சத்திரத்தில் இறங்கினால் நடக்கிற தூரம். 108 திவ்ய தேசங்களில் ஒன்று. புள் என்றால் பறவை. இராவணனோடு சண்டையிட்டு விழுந்த ஜடாயுவுக்கு இராமர் ஈமக்கடன் செய்த இடம் என்பது தல வரலாறு. பெருமாள் விஜயராகவர், தாயார் மரகதவல்லி, குளத்துக்குப் பெயர் ஜடாயு தீர்த்தம். வறுத்த பயறும் முளைக்கும் என்ற நம்பிக்கையோடு பிள்ளை வரம் கேட்டு வருகிற பெண்களைச் சிறுவயதிலிருந்தே பார்த்திருக்கிறேன்.

இன்னொரு பெருமையும் உண்டு. இராமானுஜர் யாதவப்பிரகாசரிடம் பாடம் கேட்ட ஊர் இது என்பார்கள். குரு சொன்ன விளக்கம் சரியில்லை என்று சிஷ்யர் சொல்ல, இருவருக்கும் பிணக்கு வந்து, கடைசியில் குருவே சிஷ்யருக்குச் சிஷ்யரானார் என்பது குருபரம்பரைக் கதை. குருவை மிஞ்சிய சிஷ்யர் இருந்த ஊர். எங்கள் சிலம்ப வாத்தியாரை மிஞ்சிய சிஷ்யன் யாரும் வரவில்லை. ஆனால் என்னை மிஞ்சிய சக மாணவன் ஒருவன் இருந்தான். இந்தக் கட்டுரைக்கு அவன்தான் கதாநாயகன்.

அவனும் நானும் ஒரே வயது. அவன் வீட்டில் பட்டுத் தறி. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டு அப்பாவோடு தறிக்கு வந்துவிட்டான். என் அப்பாவுக்குச் சத்திரத்தில் சின்ன மளிகைக் கடை. நான் படித்துக்கொண்டிருந்தேன். பகலில் பார்த்துக்கொள்ள நேரம் இல்லாததால் எங்கள் நட்பெல்லாம் விடியலுக்கு முன்னும் விளக்கு வைத்த பின்னும்தான்.

எங்களைச் சிலம்பத்தின் பக்கம் தள்ளிவிட்டது எம்.ஜி.ஆர். 1971-ல் வந்த 'ரிக்‌ஷாக்காரன்' எங்கள் பக்கத்து டூரிங் டாக்கீஸுக்கு வர ஒரு வருஷம் ஆயிற்று. மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து பார்த்தோம். ரிக்‌ஷாவை ஓட்டிக்கொண்டே அவர் கம்பு சுழற்றுகிற காட்சியில் கொட்டகையே எழுந்து நின்றது. திரும்பி வரும்போது இருட்டில் இவன் ஒரு சவுக்குக் குச்சியை ஒடித்துச் சுழற்ற ஆரம்பித்தான். நான் ஒன்றை ஒடித்தேன். வீடு வந்து சேர்வதற்குள் என் நெற்றியில் ஒரு புடைப்பு. அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. எதிர்காலத்தின் முன்னறிவிப்பு என்று அப்போது தெரியவில்லை.

வாத்தியாருக்குப் பகலில் மாட்டு வண்டி ஓட்டும் வேலை. ஏரிக்கரைக்குக் கீழே ஒரு வேப்ப மரத்தடிதான் களம். வெற்றிலை பாக்கு, தேங்காய், ஒன்றேகால் ரூபாய் வைத்துக் காலில் விழுந்தோம். மாதச் சம்பளம் எதுவும் கிடையாது. கொண்டு போன சவுக்குக் குச்சிகளை வாங்கிப் பார்த்தவர், "அடுப்பெரிக்க ஆகும்" என்று ஓரமாகப் போட்டார்.

முதல் மூன்று மாதம் கம்பையே கையில் தரவில்லை. வெறும் காலடிதான். மண்ணில் கோடு கிழித்து முன்னே இரண்டு, பின்னே ஒன்று, திரும்பு, உட்கார் என்று ஆட்டிவைப்பார். "கம்பு கையில இல்லடா, கால்ல இருக்கு" என்பார். அதன்பின் சலாம் வரிசை. பிறகுதான் கம்பு. அதுவும் ஆளுக்குத் தகுந்த அளவு. நிமிர்ந்து நின்றால் கம்பின் நுனி நெற்றிப் பொட்டுக்கு வர வேண்டும்.

பிரப்பங்கம்பு வாங்கக் காஞ்சிபுரம் போனதே ஒரு சாகசம். இரண்டு கம்புகளோடு திரும்பும்போது பஸ்ஸில் கண்டக்டர் கம்புகளுக்கு லக்கேஜ் டிக்கெட் வாங்கச் சொன்னார். எங்களிடம் இருந்தது சரியாக இரண்டு பேர் டிக்கெட்டுக்கான காசு. இவன் யோசிக்கவே இல்லை. "அப்ப கம்பு ரெண்டுக்கும் டிக்கெட் குடுங்க, நாங்க நடந்து வர்றோம்" என்றான். பஸ்ஸே சிரித்தது. கண்டக்டரும் சிரித்துவிட்டார்.

வாங்கி வந்த கம்பை ஏரித் தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீர்ப் பரப்பில் அடித்து அடித்துப் பழக்கி, நிழலில் உலர்த்தி, நல்லெண்ணெய் தடவி வைப்போம். அம்மா தாளிக்க வைத்திருந்த எண்ணெய் குறைவதற்குப் பூனைமேல் பழி போட்ட நாட்கள் உண்டு.

சிலம்பம் கற்கிற பையன் என்றால் இருபத்துநாலு மணி நேரமும் கம்பும் கையுமாக இருந்தான் என்று நினைத்துவிடாதீர்கள். எல்லாப் பையன்களுக்கும் உள்ள கிறுக்குகள் எனக்கும் இருந்தன. தீப்பெட்டிப் படம் சேர்ப்பேன். 1972-ல் முத்து காமிக்ஸ் வர ஆரம்பித்து, இரும்புக்கை மாயாவி என்னைப் பிடித்துக்கொண்டார். நான் படித்துக் கதை சொல்ல, அவன் தறிப் பக்கத்தில் உட்கார்ந்தபடியே கேட்பான். நூலகத்திலிருந்து கல்கியின் 'சிவகாமியின் சபதம்' எடுத்து வந்து படித்த பிறகு எங்களுக்குப் பல்லவப் பைத்தியம் பிடித்தது. மாமல்லன் என்றாலே மல்யுத்தத்தில் பெரியவன் என்பதுதானே பொருள்? எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

அந்தப் பைத்தியத்தில் ஒரு நாள் புள்ளலூர் போனோம். மகேந்திர பல்லவன் பகைவரை அழித்த ஊர் என்று காசக்குடிச் செப்பேட்டில் சொல்லப்படுகிற அதே புள்ளலூர். சத்திரத்தில் வாடகை சைக்கிள் ஒன்று எடுத்து, மாற்றி மாற்றி மிதித்தோம். பாதி வழியில் செயின் கழன்றது, பிறகு டயர் போனது. பல்லவர் காலத்து அடையாளம் ஏதாவது இருக்கும் என்று தேடிப் போனவர்களுக்கு வயல் நடுவில் கிடைத்தது வெள்ளைக்காரர்களின் நினைவுத் தூண்கள். 1781-ல் நடந்த சண்டையில் செத்துப்போன அதிகாரிகளுக்காக வைத்தவை. அதற்கு முந்தைய வருஷம், 1780 செப்டம்பர் 10-ஆம் தேதி, அங்கேதான் ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் படையை முறியடித்தார்கள். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் அந்தச் சண்டையை வரைந்து வைத்திருப்பதைப் பல வருஷம் கழித்துப் பார்த்தேன். பெய்லி சரணடைவதாகக் காட்டிய பிறகும் வெட்டு நிற்கவில்லை, ஹைதர் பக்கம் இருந்த பிரெஞ்சு அதிகாரிகள் குறுக்கே வந்துதான் மிச்சம் இருந்தவர்களைக் காப்பாற்றினார்கள் என்று பிறகு ஒரு புத்தகத்தில் படித்தபோது, எனக்கு ஞாபகம் வந்தது போர்க்களம் அல்ல. அது என்ன என்பதும் பின்னால் வரும்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ராத்திரி ஊர் திரும்பினோம். வாடகை எகிறியிருந்தது. அப்பா கொடுத்தார், கூடவே நாலு வார்த்தையும் கொடுத்தார். "கம்பு சுத்தினா சோறு போடுமா?" என்பது அவருடைய நிரந்தரக் கேள்வி.

விளையாட்டாக நான் செய்த முதல் சேதம் நண்பன் வீட்டுப் பாவு. நெசவுத் தெருவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், விடியற்காலையில் பாவை வீதி நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, நீவி உலர்த்துவார்கள். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். ஆடு மாடு வராமல் ஒரு ஆள் காவல் நிற்பார். மாட்டைத் தடுத்தார்கள், என்னைத் தடுக்கவில்லை. களத்திலிருந்து வந்தவன் புதிதாகக் கற்ற ஒரு சுற்றைக் காட்டப் போய், கம்பின் நுனி பாவில் பட்டது. முப்பது இழையாவது அறுந்திருக்கும். நான் விறைத்து நின்றேன். அவன் ஒன்றும் சொல்லாமல் குந்தி உட்கார்ந்து, அறுந்த முனைகளைத் தேடி எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு முறுக்கு. இழை சேர்ந்துவிடும். அடுத்தது. அவன் அம்மா இரண்டு சேர்ப்பதற்குள் அவன் ஐந்து சேர்ப்பான். தலைமயிரைவிட மெல்லிய பட்டு இழை. அந்த விரல்கள் போகும் வேகத்தைப் பார்த்தபோதுதான் இவன் ஏன் கம்பிலும் என்னைவிடக் கெட்டிக்காரன் என்று புரிந்தது.

வாத்தியாரிடம் ஒரு பயிற்சி இருந்தது. வேப்பங்கிளையில் ஒரு மண்பானையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவார். முழு வேகத்தோடு கம்பை வீச வேண்டும், பானைக்கு ஒரு விரற்கடை முன்னால் நிறுத்த வேண்டும். பானையில் பட்டு உடைந்தால் குயவரிடம் போய்ச் சொந்தக் காசில் புதுப் பானை வாங்கி வர வேண்டும். "அடிக்கிறதுக்கு வாத்தியார் எதுக்குடா? மாடு கூட முட்டும். நிறுத்தறதுக்குத்தான் வாத்தியார்" என்பார். நான் நாலு பானை உடைத்தேன். அவன் ஒன்றுகூட உடைக்கவில்லை. கம்பு பானையை முத்தமிடுவது போல வந்து நிற்கும். கயிறு மட்டும் காற்றில் லேசாக ஆடும்.

இனி 1973 காணும் பொங்கல்.

ஊர்த் திடலில் விளையாட்டு. எங்கள் சிலம்பமும் உண்டு. எல்லாருக்கும் வெள்ளை பனியன். கம்பு நுனியில் கரியை எண்ணெயில் குழைத்துப் பூசியிருக்கும். யார் பனியனில் எத்தனை பொட்டு என்பதுதான் கணக்கு. மேளம் முழங்குகிறது. கடைசி ஜோடி அவனும் நானும்.

கூட்டத்தில் அப்பாவைப் பார்த்தேன். கடையை மூடிவிட்டு வந்திருந்தார். ஒரு வருஷத்தில் அவர் வந்தது அதுதான் முதல் முறை. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

முதல் பொட்டு என் தோளில் விழுந்தது. அடுத்தது விலாவில். மூன்றாவது நட்ட நடு வயிற்றில், தொப்புளுக்கு நேராக, ஏதோ குறி வைத்து அச்சுக் குத்தியது போல. கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பில் எனக்கு ஒரே ஒரு குரல்தான் தனியாகக் கேட்டது. அப்பாவின் குரல். அவர் கேலியாகச் சிரிக்கவில்லை, எல்லாரையும் போல வேடிக்கையாகத்தான் சிரித்தார். இன்று எனக்கும் பேரன் இருக்கிறான், அது புரிகிறது. பதினாறு வயதில் புரியவில்லை.

வாத்தியார் "நிறுத்து!" என்றார். அவன் கம்பைத் தாழ்த்தினான். பிடியைத் தளர்த்தினான். நான் வீசினேன்.

முருங்கைக் குச்சி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். கம்பு அவன் கையிலிருந்து விழுந்தது. வலது கை ஆள்காட்டி விரல்.

அவன் கத்தவில்லை. கையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்தான். மேளம் நின்றது. யாரோ ஒருவர், "மேளச் சத்தத்துல பையனுக்குக் கேக்கல, பாவம்" என்றார். எல்லாரும் அதையே சொன்னார்கள். அவன் அப்பாவும் அதையே சொன்னார். நானும் தலையாட்டினேன்.

எலும்பு கட்டுபவரிடம் கூட்டிப்போய் முட்டை வெள்ளைக் கருவும் உளுந்து மாவும் வைத்து, மூங்கில் பத்தை கொடுத்துக் கட்டு போட்டார்கள். மறுநாள் விடிவதற்கு முன் வாத்தியார் எங்கள் வீட்டு வாசலில் நின்றார். திண்ணையில் உட்காரவில்லை.

"அவங்க தறிக்குக் கரை போட ஆள் இல்ல. நீ போய் உட்காரு. கட்டு அவுக்கிற வரைக்கும்."

"பரீட்சை வருது வாத்தியாரே. எஸ்.எஸ்.எல்.சி."

"அவனுக்கு இல்ல" என்றார். அவ்வளவுதான். திரும்பிப் போய்விட்டார். அப்பா மறுத்துப் பேசுவார் என்று பார்த்தேன். அவர் என் துண்டை எடுத்துக் கையில் கொடுத்தார்.

காஞ்சிப் பட்டின் விசேஷமே கோர்வைதான். சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைகளுக்கும் தனித்தனி நாடா. உடலின் ஊடையும் கரையின் ஊடையும் ஓட்டத்துக்கு ஓட்டம் ஒன்றையொன்று கோத்துக்கொள்ள வேண்டும். அதனால்தான் சேலை நைந்தாலும் கரை பிரியாது என்பார்கள். நெய்பவர் தறிக்குழியில் காலை விட்டு மிதிகட்டையை மிதித்துக்கொண்டு உட்காருவார். பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்து கரை நாடாவைக் கொடுத்து வாங்க வேண்டும். அநேகமாக வீட்டுப் பையன்தான் அந்த ஆள். இப்போது நான்.

விடியலில் இரண்டு மணி நேரம், பள்ளி விட்டு வந்து விளக்கு வைத்த பிறகும் ஒன்பது மணி வரை. நான் பள்ளியில் இருக்கும் நேரத்தில் அவன் அம்மா சமையலைப் போட்டது போட்டபடி வந்து உட்காருவார். முதல் வாரம் நான் செய்தது வேலையே அல்ல, கெடுதல். இழுத்தால் கரை சுருங்கும், விட்டால் கண்ணி தொங்கும். நாடா உடலும் கரையும் சேர்கிற இடத்தில் சரியாக நிற்க வேண்டும். ஒரு இழை கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அவன் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்து, "விடு... விடு... நிறுத்து" என்பான். அந்தச் சொல்லை அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். ஒவ்வொரு முறையும் எனக்குச் சுருக்கென்றது.

அவன் அப்பா என்னிடம் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. நான் கெடுத்ததை மௌனமாகப் பிரித்துவிட்டு மறுபடி மிதிப்பார். அவன் அம்மா அவனுக்குப் போட்ட அதே கூழை எனக்கும் ஊற்றுவார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பரீட்சைக்குப் படிக்க நான் கண்டுபிடித்த வழி, தறியில் உட்கார்ந்தபடியே சரித்திரத்தைச் சத்தமாகச் சொல்வது. பானிபட் 1526, பிளாசி 1757. மிதிகட்டைச் சத்தத்துக்குத் தாளமாக வரும். அவன் கேட்டுக் கேட்டு எனக்கு முன்னால் சொல்ல ஆரம்பித்துவிட்டான். நான் பரீட்சையில் தேறினேன். அவன் எழுதியிருந்தால் என்னைவிடக் கூடுதல் மதிப்பெண் வாங்கியிருப்பான்.

நாற்பத்தைந்து நாளில் இரண்டு சேலை இறங்கியது. இரண்டாவதில் என் வேலையை நானே பார்த்து மகிழ்ந்தேன். முதல் சேலையில் கரை சரியில்லை என்று கூலியில் பிடித்துக்கொண்டார்கள் என்பதை வெகு காலம் கழித்துத்தான் கேள்விப்பட்டேன். அந்த வீட்டில் யாரும் என்னிடம் சொல்லவில்லை.

கட்டு அவிழ்த்தார்கள். எலும்பு கூடியிருந்தது. ஆனால் அடி மூட்டிலேயே பட்டதால் விரல் முழுக்க மடங்கவில்லை. சற்றே வளைந்து, எதையோ சுட்டிக் காட்டுவது போல நின்றுவிட்டது. நாடா போடலாம், சாப்பிடலாம், எழுதலாம். இழை முறுக்குவதுதான் வரவில்லை. பின்னாளில் அவனே குழியில் இறங்கி நெய்தபோதும், முந்தானைக்கு வேறு நிறப் பாவை இழை இழையாக இணைக்கிற பேட்னி வேலை வந்தால், முதலில் அவன் அம்மாவும் பிறகு அவன் மனைவியும்தான் செய்தார்கள். முப்பது இழையை முப்பது நொடியில் சேர்த்த விரல் அது.

கம்பை அவன் மறுபடி தொடவில்லை. "பிடி நிக்கல" என்றான். வாத்தியார் என்னை மட்டும் ஒரு நாள் வேப்ப மரத்தடிக்குக் கூப்பிட்டார். பானை தொங்கியது. வீசு என்று கை காட்டினார். வீசினேன். கம்பு பானைக்கு ஒரு விரற்கடை முன்னால் நின்றது. அவர் பாராட்டவில்லை. என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இப்ப நிக்குது" என்று மட்டும் சொன்னார். அவருக்குத் தெரியும் என்று அன்று புரிந்தது. நிறுத்தியது கையில் தெரிந்தது, வாயில் எதுவும் வரவில்லை. சில மாதம் போனேன். பிறகு புகுமுக வகுப்பு, தபால் இலாகா உத்தியோகம், ஊர் ஊராக மாற்றல் என்று வாழ்க்கை ஓடிவிட்டது. வாத்தியாரும் காலமாகிவிட்டார்.

எண்பதுகளில் தெருவுக்குத் தெரு கராத்தே போர்டு தொங்கியபோது, காஞ்சியிலிருந்து போன போதிதர்மர்தான் சீனர்களுக்குச் சண்டை கற்றுக்கொடுத்தார் என்று ஆபீஸில் பெருமை பேசுவார்கள். அவர் தென்னாட்டு அரசகுமாரர் என்று பழைய சீனக் குறிப்பு ஒன்று சொல்கிறது, காஞ்சி என்பது நம் மரபு, சண்டைக் கலையோடு அவரைச் சேர்த்தது மிகவும் பிற்காலத்துக் கதை. அவர் ஒன்பது வருஷம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார் என்றும் ஒரு கதை உண்டு. சும்மா உட்கார்ந்திருப்பதன் கஷ்டம் எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொள்வேன். நான் நாற்பத்தைந்து நாள் உட்கார்ந்தவன்.

போன மாதம் நண்பன் போன் செய்தான். மகன் வயிற்றுப் பேத்தி காஞ்சிபுரத்தில் சிலம்பம் கற்கச் சேர்ந்திருக்கிறாளாம், பதினோரு வயது. இப்போது சிலம்பத்துக்கு நல்ல காலம். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டில் சேர்த்துவிட்டார்கள். 2024 ஜனவரியில் சென்னையில் கேலோ இந்தியா போட்டிகள் நடந்தபோது காட்சி விளையாட்டாகச் சிலம்பமும் இருந்தது. கம்பு சுற்றினால் சோறு போடுமா என்ற கேள்விக்கு அப்பா இருந்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

"கம்பு வாங்கணும். உனக்குத்தான் நல்ல கம்பு தெரியும். வந்துட்டுப் போ" என்றான்.

போனேன். மூன்று பேருமாகக் காஞ்சிபுரம் போய்ப் பிரப்பங்கம்பு வாங்கி வந்தோம். அவன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தோம். தறி இப்போது இல்லை. மகன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். குழியை மூடிச் சிமெண்ட் பூசிவிட்டார்கள். அந்த இடத்தில் தரை மட்டும் கொஞ்சம் வேறு நிறமாகத் தெரிகிறது. பேத்தி உள்ளே போன நேரம் பார்த்து, ஐம்பத்தொரு வருஷமாகச் சொல்லாததைச் சொன்னேன்.

"அன்னிக்கு வாத்தியார் நிறுத்துன்னது எனக்குக் கேட்டுச்சுடா."

அவன் கம்பின் கணுவைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"தெரியும்டா" என்றான். "கேக்காதவன் வீசற வீச்சு வேற. கேட்டவன் வீசற வீச்சு வேற."

"அப்பவே தெரியுமா?"

"கம்பு பாதி வழி வர்றப்பவே தெரியும்."

"ஏன்டா சொல்லல?"

"நீ வந்து தறியில உக்காந்தியே" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "மொத பத்து நாள் உன்மேல கோவம்தான். கூட உக்காந்து சொல்லிக் குடுத்ததே, நீ எப்ப அழுவன்னு பாக்கத்தான். நீ அழல. பானிபட் சொல்லிட்டிருந்த" என்றான். இருவரும் சிரித்துவிட்டோம். எனக்கு அப்போதுதான் கண்ணில் தண்ணீர் வந்தது. அவன் பார்க்காதது போல இருந்துவிட்டான்.

இதை எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுது. பேர் மட்டும் போடாத, பேத்தி படிப்பா" என்றான். அதனால்தான் இதில் யார் பெயரும் இல்லை.

பேத்தி வந்தாள். நிமிர்ந்து நிற்கச் சொல்லிக் கம்பைப் பக்கத்தில் நிறுத்தினேன். நெற்றிப் பொட்டுக்கு மேலே நாலு விரல் நீளம் அதிகம். வெட்ட வேண்டிய இடத்தை அவன் வலது கையால் காட்டினான். மடங்காத அந்த விரல் சரியாகக் கோட்டில் நின்றது. நான் சாக்பீஸால் குறி போட்டேன்.

கிளம்பும்போது அவளுக்கு ஒரு பானை வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். இதுவரை இரண்டு உடைத்துவிட்டாளாம்.